நேராக நின்ற மஞ்சள் கோடு

ஃபோன் அலறியது!

விஸ்வநாத் எடுக்கவில்லை.

மட்டாஞ்சேரியில், இஞ்சிக் கிடங்குக்கு எதிரே இருந்த தன் ஒற்றை ஷட்டர் ஆட்டோ ஒர்க் ஷாப்பில் அவன் பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தேடிக் கொண்டிருந்தான். பலகையில் பதினாலுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே...

வெறும் ஆணி!

மூன்றாவது முறை ஃபோன் அலறியபோதுதான் எடுத்தான்.

"விஸ்வநாத்தா? ஸ்டேஷன்லேர்ந்து கான்ஸ்டபிள் சஜி. தங்கப்பன் உங்களுக்கு யாரு?"

"அளியன் சார். என் தங்கச்சி ஷைலஜாவோட புருஷன். ஏன்?"

"கும்பளங்கி வளைவுல ஆட்டோ கவுந்து கால்வாய்ல விழுந்திருச்சு. ஆள் அங்கேயே போயாச்சு."

விஸ்வநாத் பலகையைப் பிடித்துக் கொண்டான்.

"ஹலோ... லைன்ல இருக்கீங்களா? பின்பக்கம் இடது ஷாக் அப்ஸார்பர் கழண்டு தனியா தொங்குது. நேத்து நீங்கதானே மாத்தினீங்க? உடனே வாங்க!"

நேற்றுக் காலை.

"பாரு அளியா, குழியில இறங்கினா நடுமுதுகுல இடிக்குது. சவாரிக்கு வர்றவங்கல்லாம் திட்டறாங்க" என்று ஆட்டோவை உள்ளே தள்ளினான் தங்கப்பன்.

விஸ்வநாத் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தான். பின்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. ரப்பர் புஷ் விரலில் உதிர்ந்தது.

"இதுல என்ன மிச்சம் இருக்கு? எல்லாமே போச்சு."

"எல்லாத்தையும் மாத்து."

இரண்டு புது ஷாக். புது புஷ். புது போல்ட். பதினேழாம் நம்பர் ஸ்பானரால் நட்டுகளை மூச்சைப் பிடித்து முடுக்கினான். கடைசியாக, ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் நுனி வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தான். நட் ஒரு இழை அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும். அப்பா காலத்துப் பழக்கம். மட்டாஞ்சேரியில் வேறு எந்த ஒர்க் ஷாப்பிலும் கிடையாது.

ஷைலஜா கவிழ்த்த ஆயில் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி.

"என்ன ஷைலு, நெத்தியில?"

"கதவு இடிச்சிருச்சு" என்றான் தங்கப்பன் முந்திக் கொண்டு.

"ஆமா அண்ணா. எங்க வீட்டுக் கதவு மோதிரம் போட்டிருக்கும்."

தங்கப்பன் சிரித்தான். மோதிர விரலால் மீசையைத் தடவிக் கொண்டே சாயா குடிக்க இறங்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அவள் குரல் மாறியது.

"அண்ணா... என்னை இனி அங்க அனுப்பாத."

"மறுபடியும் ஆரம்பிச்சியா? நாலு தடவை வந்தே. நாலு தடவையும் நானே கொண்டு போய் விட்டேன். இப்ப என்ன புதுசா?"

"அவன் கை புதுசு இல்ல. என் உடம்புதான் பழசாயிருச்சு."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ ஷைலு."

அவள் தரையில் கிடந்த பழைய ஷாக்கைக் காலால் புரட்டினாள்.

"இது எத்தனை வருஷம் அடி வாங்குச்சு அண்ணா?"

"நாலு."

"நான் ஒன்பது."

 விஸ்வநாத் பெயிண்ட் டப்பாவை மூடினான். தங்கப்பன் திரும்பி வந்ததும் அவளை அவனோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான்.

*

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் மாதுரி நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. நான் பாலக்காட்டுக்காரி. தமிழ்லயே பேசலாம். ஒரு நட் முடுக்க மறந்தீங்க, ஒரு உயிர் போச்சு. ஒத்துக்கறீங்களா?"

விஸ்வநாத் குதித்தான்!

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் மேடம்! நான் முடுக்கின நட் கழண்டதே இல்ல. இந்தப் பழி ஒட்டினா நாளைக்கு ஒருத்தன் வண்டியை என் ஷட்டர் பக்கம் திருப்புவானா? ஆட்டோவைக் காட்டுங்க. நான் போட்ட கோடு சொல்லும்!"

"கோடா? எந்தக் கோடு?"

அவன் சொன்னான். மாதுரி புருவத்தை உயர்த்தினாள்.

"வாங்க. பாத்துருவோம்."

ஸ்டேஷன் பின்புறம் தங்கப்பனின் ஆட்டோ ஒருக்களித்துக் கிடந்தது. சீட்டிலிருந்து கால்வாய்த் தண்ணீர் இன்னும் சொட்டியது. இடது ஷாக் அறுந்த கை மாதிரி தொங்கியது. அதன் நட்டைக் காணோம்.

வலது ஷாக் இடத்தில் இருந்தது. விஸ்வநாத் கவிழ்ந்து படுத்து அடியில் தலையை நுழைத்தான்.

"இருக்கு மேடம்! கோடு நேரா இருக்கு! ஒரு இழை அசையல. வலதுபக்கம் இப்படி முடுக்கினவன் இடதுபக்கம் மட்டும் மறப்பானா?"

சொல்லிக் கொண்டே நட்டை விரலால் தொட்டான்.

நட்...

சுழன்றது!

விஸ்வநாத்தின் வாய் அப்படியே நின்றது.

நட்டுக்கும் வாஷருக்கும் நடுவே இடைவெளி. சரியாக மூன்று முழுச் சுற்று கழற்றப்பட்டிருக்கிறது. முழுச் சுற்று என்பதால் கோடு மறுபடி கோட்டோடு சேர்ந்து நிற்கிறது!

வேறு எவன் கழற்றியிருந்தாலும் எங்கேயோ நிறுத்தியிருப்பான். ஒரு மஞ்சள் கோட்டைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? இது, கோடு கோணலாக நின்றால் பொறுக்க முடியாத கை. கோணலாக இழுத்ததற்காக அப்பாவிடம் புறங்கையில் ஸ்பானர் அடி வாங்கிய கை.

அந்த வீட்டில் அப்படி அடி வாங்கியவர்கள் இரண்டு பேர்தான்.

ஒருவன் ஆட்டோவுக்கு அடியில் படுத்திருக்கிறான்.

இன்னொருத்தி...

காலி ஆணி ஞாபகத்துக்கு வந்தது. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் அந்த ஆயில் டின் கிடந்தது.

"என்னாச்சு? தூங்கிட்டீங்களா?" மாதுரியின் குரல்.

அவன் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டவில்லை.

"மறந்துட்டேன் மேடம்."

"எது?"

"முடுக்க. ரெண்டு பக்கமும் சும்மா கையால சுத்திட்டு கோட்டை இழுத்துட்டேன்."

"இப்பதான் அந்தக் குதி குதிச்சீங்க?"

"இப்பதான் பாத்தேன்."

மாதுரி அவனையே பார்த்தாள். அவன் தொங்கும் ஷாக்கைப் பார்த்தான்.

"உங்களுக்கு அப்புறம் வேற யாராவது தொட்டிருக்கலாம் இல்லையா?"

"யாரும் தொடல."

"உங்க தங்கச்சி? மெக்கானிக் வீட்டுப் பொண்ணாச்சே?"

"அவளா?" விஸ்வநாத் சிரிக்க முயன்றான். "அவளுக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது மேடம்."

"எழுதித் தருவீங்களா?"

"தர்றேன்."

எழுதினான். மலையாளத்தில். தமிழில் கையெழுத்து மட்டும்தான் அவனுக்கு வரும். *நட்டுகளை முடுக்கியவன் நான் மட்டுமே. வேறு யாரும் அவற்றைத் தொடவில்லை. என் தங்கைக்கு இந்த வேலை தெரியாது.*

"எத்தனை வருஷம் மேடம்?"

"அலட்சியம்னா அஞ்சு வருஷம் வரைக்கும் போகும். ஜாமீன் உண்டு."

ஐந்து வருஷம். ஒர்க் ஷாப் போகும். பெயர் போகும். போகட்டும். நாலு தடவை அவளைத் திருப்பி அனுப்பினான். நேற்று ஐந்தாவது தடவை. இந்த ஒரு தடவையாவது அவளுக்குக் குறுக்கே நிற்கலாம். நெஞ்சில் எங்கோ கனம் குறைந்தது. பேனாவை மூடி வைத்தான்.

மாதுரி தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு மேஜை டிராயரை இழுத்தாள்.

மேஜை மேல் வைத்தாள்...

பதினேழாம் நம்பர் ஸ்பானர்!

தண்டில் 'வி' என்று அவனே அரத்தால் ராவிய எழுத்து.

"இது... இது எப்படி இங்க?"

"உங்க தங்கச்சி காலையில கொண்டு வந்து கொடுத்தாங்க. நேத்து சாயங்காலம் நீங்க அவங்க சுள்ளிக்கல் வீட்டுக்குப் போனீங்களாம். 'என் தங்கச்சிய அடிக்கறவன் இனி வண்டி ஓட்ட மாட்டான்'னு சொல்லிட்டு ஆட்டோவுக்கு அடியில படுத்தீங்களாம். இதை அங்கேயே மறந்துட்டீங்களாம்."

"நேத்து நான் கடையை விட்டு எங்கயும் போகல மேடம்!"

"கூட யாரு இருந்தா?"

யாருமில்லை.

"நானும் நம்பல" என்றாள் மாதுரி மெதுவாக. "துக்கத்துல உளர்றாங்கன்னு நினைச்சேன். 'நட் லூசா இருக்கும், ஆனா கோடு நேரா நிக்கும். அது எங்க அண்ணனுக்கு மட்டும்தான் வரும், போய்ப் பாருங்க'ன்னாங்க. கோடுன்னா என்னன்னு புரியல. அப்புறம் நீங்களே வந்து கோட்டைப் பத்திச் சொன்னீங்க. காட்டினீங்க. வேற யாரும் தொடலன்னு எழுதியும் கொடுத்தீங்க."

விஸ்வநாத்துக்கு இப்போதுதான் புரிந்தது.

பழக்கத்தில் நேராக நின்ற கோடு இல்லை அது.

அவனுக்காக நேராக நிறுத்திய கோடு! அடித்தவனுக்கு இடது நட். அனுப்பியவனுக்கு வலது நட்!

மின்விசிறி சுற்றியது.  ஒரு வார்த்தை போதும். 'அவளுக்கு என்னைவிட நல்லா முடுக்கத் தெரியும்' என்ற ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அவள் கையில் ஸ்பானரே நிற்காது என்று அவன் கையெழுத்தோடு ஒரு தாள் மாதுரியின் விரல்களுக்கு நடுவே இருந்தது.

அந்தத் தாள் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பானா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இனி இது அலட்சியம் இல்ல விஸ்வநாத். கொலை. அஞ்சு வருஷக் கதையெல்லாம் மறந்துருங்க."

சஜி அவன் தோளைப் பிடித்து எழுப்பினான்.

வராந்தா பெஞ்சில் ஷைலஜா உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் அதே பிளாஸ்திரி. அண்ணனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை.

"ஷைலு..." என்றான். 

மாதுரி அவள் அருகே நின்றாள். "கொண்டு போறோம். வெளிய வர ரொம்ப வருஷம் ஆகும். அண்ணன்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

ஷைலஜா முந்தானையை இழுத்துச் சொருகிக் கொண்டாள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க மேடம்!"