பெடெர்னாலெசில் ஓர் அறை காலி

விடுதிக்கு ஐந்து நட்சத்திர விமர்சனம் விழுந்திருந்தது. டெனிஸ்டனுக்கு அதுதான் இடித்தது, ஏனென்றால் அந்த விடுதி உலகத்தில் எங்கும் இல்லை.

போன கிழமை பல்கலைக்கழக உணவகத்தில், தட்டில் உருளைக்கிழங்கு ஆறுவதற்குள், அவனே இணையத்தில் அதைக் கட்டியிருந்தான். மாணவர் இதழுக்கு ஒரு நக்கல் கட்டுரை தேவைப்பட்டது. அவன் இருக்கும் பீலெஃபெல்ட் என்றொரு ஊரே இல்லை என்பது ஜெர்மன்காரர் அலுக்காமல் சொல்லும் பகிடி. இல்லாத ஊரில் இருந்துகொண்டு இல்லாத விடுதியை நடத்தினால் எத்தனை பேர் அறை கேட்பார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. இடம், பெடெர்னாலெஸ். டொமினிக்கன் குடியரசின் கடைசி மூலை. ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் ஹெய்ட்டி எல்லை, நடுவில் கள்ளிக்காடும் சிவப்பு மண்ணும். யாரும் போய்ச் சரிபார்க்கமாட்டார்கள்.

அந்தப் பெயர் அவனுக்கு யாகோப்பு மாமாவால் தெரியும். அம்மாவின் அண்ணன். தொண்ணூற்றிரண்டில் கனடாவுக்கென்று மன்னாரிலிருந்து கூட்டிப்போன ஏஜென்ட் அவரை அங்கே விட்டுவிட்டு மறைந்துபோனான். ஜெர்மனியிலிருந்த அம்மாவுக்கு ஒரேயொரு அழைப்பு வந்தது. "இஞ்ச கடலும் எல்லையும்தான் கிடக்கு, டொறத்தி. என்னைக் கூப்பிடு." அதன்பிறகு ஒன்றுமில்லை.

விடுதிக்காரருக்கு ஒரு முகம் வேண்டியிருந்தபோது டெனிஸ்டன் அம்மாவின் மேசை லாச்சிக்குள் கிடந்த மாமாவின் படத்தை ஏற்றினான். செத்தவர்களின் படங்கள் சுவரில் மெழுகுதிரியோடு இருந்தன. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அந்த முகங்கள் தெரியும். மாமாவுக்கு இன்னும் இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை, அதனால் லாச்சி. இருபத்துமூன்று வயது, கோடு போட்ட சட்டை, யாருக்கும் தெரியாத முகம். மிக வசதி.

முப்பது வருடத்துக்கு மேலாக மறுத்துவந்த அம்மா, நாளைக்கு அந்தப் பூசைக்குச் சம்மதித்திருந்தார். இரண்டு கிழமையாகத்தான் மாத்திரை இல்லாமல் நித்திரை கொள்கிறார். இந்தப் பக்கத்தை அவர் கண்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

விமர்சனம் எழுதியவள் நடாலி என்ற ஒருத்தி. "அமைதியான இடம். யாகோப்பு அதிகம் பேசமாட்டார். நாங்கள் சாப்பிடும்போது பின்னால் நின்று, ஜெர்மனியில் எந்த ஊர் என்று மட்டும் கேட்பார்."

அந்தப் பக்கத்தில் டெனிஸ்டன் விடுதிக்காரரின் பெயரைப் போட்டிருக்கவே இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. யன்னலில் நல்ல வெயில். குசினியில் அம்மா வெங்காயம் வெட்டும் சத்தம், பலகையில் ஒரே சீராக, யாரோ பொறுமையாகக் கதவு தட்டுவதுபோல் வந்துகொண்டிருந்தது. கீழே இன்னொரு விமர்சனம் முளைத்தது. "அறைக் கதவுகள் பூட்டாது. அறை அறையாக வந்து, நீங்கள் பீலெஃபெல்டா என்று கேட்கிறார்." கூடவே ஒரு படம். விறாந்தை, இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், அப்பால் வெள்ளையாய்க் கொதிக்கும் கடல். ஒரு கதிரையில் யாரோ முதுகு காட்டி இருந்தார்கள். கோடு போட்ட சட்டை.

அவன் விடுதியை மூடும் பொத்தானை அழுத்தினான்.

'விருந்தினருக்கு அறை உறுதி செய்யப்பட்டிருப்பதால் மூட முடியாது. உங்கள் பொறுமைக்கு நன்றி.'

விருந்தினர் ஒருவர். பெயர் டொறத்தி. வருகை இன்று.

"அம்மா, என்ர லப்டொப்பைத் தொட்டனீங்களோ?"

கத்தி நின்றது. "ஓம் மோனை. காலமை தூசி துடைக்கேக்க பார்த்தன். அண்ணா! ஒரு மயிர் நரைக்கேல்ல."

"ஐயோ, அது நான் பகிடிக்குப் போட்டதம்மா!"

"நீ பெரிய பகிடிக்காரன்தான். பகிடி மறுமொழி எழுதுமே?"

"என்ன எழுதினவர்?"

"வாங்கோ அண்ணா எண்டு நான் எழுதினன். சுவாமியாருக்கும் போன் எடுத்துப் பூசை வேண்டாமெண்டிட்டன்." கத்தி மறுபடி தொடங்கியது. "அங்க தனக்குப் பதிலா ஒராள் வந்து இருந்தாத்தான் தான் வெளிக்கிடலாமாம். அதுக்கென்ன, ஓமெண்டிட்டன்."

"அம்மா, அதை உடன வேண்டாமெண்டு எழுதுங்கோ!"

வெட்டும் சத்தம் மட்டும். ஆனால் அது இப்போது மெதுவாகியிருந்தது. கத்தியை அதிகம் பிடித்துப் பழகாத ஒரு கை, ஒவ்வொரு வெட்டையும் யோசித்து யோசித்து இறக்குவதுபோல. நடைபாதை வழியாக வெங்காய வாசனைக்கு அடியில் வேறொன்றும் வந்தது. வெயிலில் கிடந்து அழுகிய கடற்பாசி, உப்பு, பல நாள் கழற்றாத சட்டையின் வியர்வை. அணைத்துவைத்த ஹைட்சுங் சூடாக்கியும் சுட்டது.

திரையில் புதுப் படம்.

அதே விறாந்தை. அதே கதிரை. அம்மா.

காலையில் போட்ட அதே பச்சை ஸ்வெட்டர். செருப்பில்லை. இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்திருந்தார். வாய் திறந்திருந்தது. கூப்பிடும் வாய்.

டெனிஸ்டன் எழும்பினான். நடைபாதை. ஆறு அடி. நிலத்தில் சிவப்பு மண் அடிச்சுவடுகள். உள்ளே போகும் சுவடுகள் மட்டும்.

குசினிக் கதவு திறந்திருந்தது.

மேசை முன்னால் ஓர் இளந்தாரி. கோடு போட்ட சட்டைக்கு மேல் அம்மாவின் சமையல் ஏப்ரன், முடிச்சு ஒழுங்காகப் போட்டிருந்தது. வெங்காயத்துக்கு அவன் கண் கலங்கவில்லை.

"வா மருமோன்," என்றான், தலை நிமிராமல். "இரு. பசிக்கும்."

கத்தி வெங்காயத்தைத் தாண்டியது. விரலுக்கு வந்தது. நிற்கவில்லை.

விரலிலிருந்து பலகையில் உலர்ந்த மணல் கொட்டியது.