இன்ஜின் இல்லாத வண்டி

மழை விட்ட நண்பகலில் அக்காவும் தம்பியும் அந்தப் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்காவுக்குப் பழைய கார்கள் சேர்ப்பதில் பைத்தியம், தம்பி மெக்கானிக். அங்கே விற்பனைக்கு இருந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் கார் ஷெட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வரலையா சார்?"

"நீங்க பாருங்க. எனக்குத் தூசி ஒத்துக்காது."

உள்ளே ஈரச் சாக்கும் நாள்பட்ட தோலும் கலந்த வாடை. அரையிருட்டில் இடப்பக்கம் கறுப்பு வண்டி, வலப்பக்கம் வெள்ளை. இரண்டும் ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்களைச் சுமந்தவை.

தம்பி கறுப்பு வண்டியின் பானெட்டைத் திறந்ததும் முகம் மலர்ந்தான். "இதையே எடுத்துடுக்கா. ஆறு சிலிண்டர், இன்னும் கல்லு மாதிரி இருக்கு. தள்ளாமலே ஓடும்."

"வெள்ளையப் பாருடா. பாடி முழுக்கக் கையால தட்டினது. விளக்கு, சீட்டுத் தோல், எதையுமே மாத்தல. இன்னொண்ணு கண்ணுல படாது."

"அழகு இருந்தாப் போதுமா? இன்ஜினையே கழட்டிட்டாங்க. நம்ம மாமா மாதிரி, கல்யாணத்துக்கு நிறுத்தி வைக்கத்தான் ஆகும்." அவன் வெள்ளையின் பானெட்டைத் தூக்கிக் காட்டினான். உள்ளே வெறும் குழி.

அவள் சிரித்தபடி பானெட்டை மூடிக் கையை அதன் மேல் வைத்தாள்.

சுட்டது.

அவள் வாய் திறப்பதற்குள் தம்பி பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. முதலாளி டிரைவரிடம் பேச ஒரு குழாய். அவள் மனத்தைத் தேற்றிக்கொண்டு டிரைவர் இருக்கையில் அமர்ந்தாள்.

காதருகே குழாய் கிசுகிசுத்தது.

"கெளம்பு."

"விளையாடாதடா."

"கெளம்பு. நேரமாச்சு."

அது தம்பியின் குரல் இல்லை.

திரும்பினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் புகை, பெட்ரோல் எரிந்த புகை. தம்பி கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

குதித்து இறங்கி வெளியிலிருந்து இழுத்தாள். கதவு அசையவில்லை.

"சார், கதவு தொறக்கல!"

வாசலில் நின்றவரின் குரல் உடைந்தது. "கண்ணாடிய உடைங்கம்மா! எங்கப்பா உள்ள சிக்கினப்போ யாரும் உடைக்கல..."

சுவரோரம் கிடந்த இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தாள். மூன்றாம் அடியில் கண்ணாடி நொறுங்கியது. தம்பியின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.

இருமி ஓய்ந்ததும் அவன் மெல்லச் சொன்னான்:

"பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாருக்கா. என் கைய விடவே மாட்டேன்னுட்டார்."

எந்த வண்டியும் வேண்டாம் என்று சொல்லக்கூட அவர்கள் நிற்கவில்லை. தங்கள் காரில் ஏறினார்கள். தம்பி ஓட்டினான், அவள் பக்கத்தில். தெருமுனை திரும்பியதும் எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது.

"பெல்ட் போடுடா."

"போட்டிருக்கேன்க்கா."

அவளும் போட்டிருந்தாள். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு பின் இருக்கையைக் காட்டியது.

இருவரும் திரும்பவில்லை.

பின்னால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

மணி நின்றது.