பிரணவன் பெயர் எழுதிய அலுமாரி

"என்ரை வாயை அடைச்சவன் உவன்தான்," என்றார் இராசநாயகம்.

முன்னால் வைத்த தேநீரை அவர் தொடவில்லை. கடலில் காய்ந்த கைகள். வலது பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மட்டும் ஏதோ சிவப்பு ஒட்டியிருந்தது.

தியாகலிங்கம் பொலிஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நெல்லியடிக்கு வந்த பிறகும் இப்படி யாராவது தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். பத்திரிகை நிருபராக இருக்கும் அவருடைய தங்கை மகள் தாரிகா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.

இராசநாயகத்தின் ஒரே மகன் பிரணவன் போன வருடம் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. போன சனிக்கிழமை சனசமூக நிலைய மண்டபத்தில் ஆண்டு நினைவுக் கூட்டம். அவனோடு படித்தவர்கள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருந்தார்கள். மகன் நினைவாக, ஒலிக்கருவிகளை வைக்க ஓர் இரும்பு அலுமாரியை மண்டபத்துக்குக் கொடுத்திருந்தார் தகப்பன். அன்றுதான் அவர் மகனைப் பற்றிச் சபையில் முதன்முதலாக வாய் திறந்தார். வயரில்லாத மைக்கில் சத்தம் திரும்பத் திரும்ப அறுந்தது. கடைசியில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

"மைக் பாக்கிறவன் றஜிந்தன். உவன் அலுமாரியிலை கை வைச்சால் சத்தம் வரும், விலகினால் நிண்டிடும். சபை முழுக்கப் பாத்தது. என்ரை பிள்ளையோடை கடலுக்குப் போறவனும் உவன்தான். கடைசியாப் போன அண்டைக்கும் காய்ச்சல் எண்டு உவன் கரையிலை நிண்டிட்டான். என்ரை பிள்ளை தனியப் போனான். அதை நான் சபையிலை சொல்லிப்போடுவன் எண்ட பயம் உவனுக்கு. நாளைக்கு நிர்வாகக் கூட்டம். மண்டபத்து வாசலையே உவன் மிதிக்கேலாமல் பண்ணுறன்."

அன்று பின்னேரமே தியாகலிங்கமும் தாரிகாவும் மண்டபத்துக்குப் போனார்கள். றஜிந்தன் சவரம் செய்து பல நாளாகியிருந்தது.

"கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் கடைசிக் கதிரை வரைக்கும் போய்க் கதைச்சுப் பாத்தனான் ஐயா. ஒரு குறையும் இல்லை. அண்டைக்குப் புதுப் பற்றரி போட்டனான், அலைவரிசையையும் மாத்தினனான். வயர் எங்கையோ கழண்டிருக்கெண்டு போய்த் தொட்டால் வருது. திரும்பி வந்து இருந்தால் போகுது. நான் என்ன செய்ய?"

"அவ்வளவு சனத்தின்ரை போனும் சேர்ந்து குழப்பியிருக்குமோ, மாமா?" என்றாள் தாரிகா.

"றஜிந்தன் அலுமாரிக்கு எழும்பிப் போனவுடனை சனம் போனை எல்லாம் நிப்பாட்டிப்போட்டுதோ, பிள்ளை?"

தியாகலிங்கம் மேடை ஓரத்து அலுமாரியைச் சுற்றி நடந்தார். 'அமரர் பிரணவன் நினைவாக. உபயம்: தந்தை இராசநாயகம்' என்று கதவில் சிவப்பில் எழுதியிருந்தது. கடைசி எழுத்து விரல் பட்டு இழுபட்டிருந்தது.

"இது எப்ப எழுதினது?"

"முதல்நாள்தான். பெயின்ற் காயட்டும் எண்டு கதவைத் திறந்தே விட்டிருந்தம்."

"அண்டைக்கு எடுத்த படம் ஏதும் இருக்கோ?"

தாரிகா முகநூலில் தேடி எடுத்தாள். இராசநாயகம் பேசும் படங்களில் பின்னால் மகனின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. றஜிந்தன் அலுமாரிக்குள் குனிந்திருந்த படத்தில் அந்தப் பெயரே இல்லை. இன்னொரு படத்தைப் பார்த்ததும் அவள் போனை மாமாவிடம் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு முன்பே, தியாகலிங்கம் இராசநாயகத்தையும் றஜிந்தனையும் அங்கே வரவழைத்தார்.

"மைக்கைப் பிடியுங்கோ. மகன்ரை பேரைச் சொல்லுங்கோ."

"பிரணவன்." மண்டபம் அதிர்ந்தது. தாரிகா அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

"திரும்பச் சொல்லுங்கோ."

இம்முறை அவருடைய மெலிந்த குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது.

"மைக் சத்தத்தைக் காத்திலை அனுப்புது," என்றார் தியாகலிங்கம். "வாங்கிற பெட்டியும் அதின்ரை ஏரியலும் அலுமாரிக்குள்ளை. சுத்திவர இரும்பு. கதவையும் சாத்தினால் உள்ளுக்கு ஒண்டும் போகாது. முதல்நாள் பெயின்ற் ஈரம், கதவு திறந்து கிடந்தது. றஜிந்தன் வயரைத் தொட்டதாலை சத்தம் வரேல்லை, தொடுறதுக்குக் கதவைத் திறந்ததாலை வந்தது. அது அவனுக்கே விளங்கேல்லை."

"அப்ப சாத்தினது ஆர்?"

தாரிகா அந்தப் படம் தெரிந்த போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். "உபயம் செய்த பேர் சபைக்குத் தெரியவேணும் எண்டு ஆரும் நினைப்பினம்தானே," என்றார் தியாகலிங்கம் மெதுவாக.

இராசநாயகம் கதவின் கடைசி எழுத்தைப் பார்த்தார். பிறகு தன் பெருவிரலைப் பார்த்தார்.

"திரும்பிப் பாத்தன். பிள்ளையின்ரை பேர் தெரியேல்லை. அதுதான் ஒவ்வொருக்காலும் போய்ச் சாத்தினன்…"

றஜிந்தன் தலை நிமிரவில்லை. "ஏரியலை வெளியிலை எடுத்துவிடுறது சின்ன வேலை ஐயா. இப்பவே செய்து தாறன். நீங்கள் திரும்பக் கதைக்கலாம்."

"ஆருக்கு?"

வந்தவர்கள் எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள். என்றாலும் றஜிந்தன் அலுமாரியின் பின்பக்கம் துளையிட்டு ஏரியலை வெளியே எடுத்து உயர மாட்டினான். கதவைச் சாத்தினான். பெயர் தெரிந்தது.

"இண்டைக்குக் கூட்டத்திலை உன்னிலை பிழை இல்லை எண்டு நான் சொல்லுறன். நீ பயப்பிடாதை," என்றார் இராசநாயகம் அவனிடம். மைக்கை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து தாளை விரித்தார். தாரிகா காத்திருந்தாள். அவருடைய உதடுகள் ஒருமுறை பிரிந்து மூடின.

மைக் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அவர் மூச்சு விடும் சத்தம் கடைசி வரிசை வெறுங்கதிரை வரைக்கும் கேட்டது.