காணாமல் போன ஒடுக்கு

“சார், என் வீட்டுக்காரர் பைக் டாங்குல இருந்த ஒடுக்கைக் காணோம்.”

ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவருடைய உதவியாளருக்குத்தான் சிரிப்பு முட்டியது. அவளை எல்லோரும் ‘அவசரம்’ என்றே கூப்பிடுவார்கள்.

வந்தவளின் கணவன் சமீபத்தில் ஒரு சாலை வளைவில் பைக்கோடு விழுந்து இறந்திருந்தான். உருண்டைக் கல்லில் மோதிவிட்டான் என்று போலீஸ் கதையை முடித்தது. அன்று காலைதான் டாங்கை நிரப்பியிருந்தான். அந்தப் பெட்ரோலோடும் டாங்கு நசுங்கிய ஒடுக்கோடும் திரும்பி வந்த பைக்கைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, அவள் அதிர்ச்சியில் படுத்துவிட்ட மாமியாரோடு மருத்துவமனையில் தங்கினாள். வீடு திரும்பியபோது டாங்கு மொழுமொழுவென்று இருந்தது.

“கொட்டகைச் சாவி யார்கிட்ட?”

“எங்க அண்ணன்கிட்ட ஒண்ணு, கொழுந்தன்கிட்ட ஒண்ணு. அண்ணன் சரக்கு வேன் ஓட்டுறாரு. கொழுந்தனுக்குப் பட்டறையில ஒடுக்கு எடுக்கிற வேலை.”

“அப்புறம் என்ன சார்? கொழுந்தன்தான்!” என்றாள் அவசரம்.

“பொறு. ஒடுக்கு எப்படிம்மா இருந்துச்சு?”

“பெட்டி முனை குத்தினாப்ல.”

“உருண்டைக் கல்லுக்கு ஏது முனை?” என்றார் அவர்.

கொட்டகையில் டாங்கின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினார். ஓரிடத்தில் மட்டும் அது ஒட்டாமல் நழுவியது. அடியில் பட்டி பூசியிருந்தார்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூடினார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

“பைக்கை ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிட்டு வரணும்னு ரெண்டு பேரையும் கூப்பிடும்மா. வேற ஒண்ணும் சொல்லாதே.”

முதலில் வந்த கொழுந்தன் டாங்கைத் தடவி முகம் சுளித்தான். “யாரு அண்ணி இதைச் செஞ்சது? தகட்டை நிமிர்த்தத் தெரியாம பட்டியை அப்பி வெச்சிருக்கான்.” பிறகு ஏறி உதைத்தான். வியர்த்து வழிந்ததே தவிர வண்டி கிளம்பவில்லை.

அப்போது அண்ணன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு பாட்டில் பெட்ரோல்.

“அது எதுக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வண்டி ஓட வேணாமா சார்?”

“டாங்கு நிறைய இருக்குன்னு நம்பித்தான் இவர் காலி வண்டியை உதைச்சுக்கிட்டே இருந்தார். ஒடுக்கை மறைக்க டாங்கைக் கழட்டணும்னா மொத்தத்தையும் வடிச்சாகணும். வடிச்சது தெரிஞ்ச ஆள்தான் பெட்ரோலோட வருவார். உங்க வேனோட பின்படி முனையை அளந்து பார்க்கலாமா?”

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“முந்தும்போது தட்டிடுச்சும்மா. இறங்கிப் பார்த்தப்பதான் நம்ம மாப்பிள்ளைன்னு தெரிஞ்சுது. நான் உள்ளே போயிட்டா உன்னை யாரு பாத்துப்பா? டாங்கைக் கழட்டி வெளியூர்ப் பட்டறையில குடுத்தேன்.”

கணவனின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் இவன்தான். அழுது மயங்கியவளைத் தாங்கிப் பிடித்தவனும் இவன்தான்.

“உசிரு இருந்துச்சா அண்ணா?”

ஆமென்று அவன் தலை அசைந்தது.

“எதாவது சொன்னாரா?”

“தண்ணி கேட்டாரு.”

“குடுத்தியா?”

“வேன்ல தண்ணி இருந்துச்சும்மா...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

அவள் அண்ணனை அதற்கு மேல் பார்க்கவில்லை. கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

“போலீசுக்குப் போன் போடுங்க தம்பி.”