இடது பின்கதவு

கத்தினால் கேட்காது என்று தெரிந்தும் அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள். வெளியே கம்ப்ரசர் தடதடவென்று ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல் போன இடம் தெரியவில்லை. அவள் அடைபட்டுக் கிடந்த காரின் எல்லாக் கண்ணாடிகளிலும், பெயிண்ட் படாமலிருக்க, பழுப்புத்தாள் ஒட்டியாகிவிட்டது. அதன் வழியே கசிந்த வெளிச்சத்தில் சீட்டும் கூரையும் அவள் கைகளும் ஒரே டிகாஷன் நிறத்தில் கிடந்தன. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை தொண்டையில் இறங்கி இனித்தது. கதவைத் திறக்கலாமென்றால் உள்பக்கம் கைப்பிடியே இல்லை. சீட் தைக்கிறவர் காலையில் வந்து, புதுத் துணி போட வேண்டும் என்று கைப்பிடிகளையும் கண்ணாடி இறக்கும் திருகுகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார். பேட்டரியை இறக்கிவிட்டதால் ஹார்னும் செத்துக் கிடந்தது. அவள் போன் கலர் கலக்கும் மேஜைமேல்.

இவ்வளவுக்கும் நடுவில் இடது பின்கதவை மட்டும் அவள் தட்டவில்லை. அந்தத் தகட்டுக்கு வெளியே இப்போது பெயிண்ட் விழுந்துகொண்டிருந்தது. ஸ்ப்ரே கன் உஸ்ஸென்று அவள் காதோரமாகப் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. தட்டினால் தகடு அதிரும், தூசி விழும், மாமா வேலை பாழாகிவிடும். மூச்சு முட்டும் நேரத்திலும் பட்டறைப் பழக்கம் விடவில்லை.

லீவு விட்டால் அவள் மாமாவின் பெயிண்ட் பட்டறையில்தான் கிடப்பாள். வெள்ளையிலேயே பால் வெள்ளை எது, சுண்ணாம்பு வெள்ளை எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அதனால் மாமா அவளுக்கு வைத்த பெயர் பூனைக்கண்ணு. இந்தக் கார் அவள் அம்மாவைவிட வயதானது. நீலமா பச்சையா என்று கடைசிவரை பிடிகொடுக்காத நிறம். கொண்டுவந்து விட்டவர் ஒரே நிபந்தனைதான் போட்டார்: முழுக்க அடிக்க வேண்டாம், புதிதாக வாங்கி மாட்டிய இடது பின்கதவு மட்டும் போதும், ஆனால் எது பழசு எது புதுசு என்று யாருக்கும் தெரியக்கூடாது. பழைய கதவுக்கு என்ன ஆயிற்று என்று மாமா கேட்டபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வெயில் தின்ற நிறத்தைக் கம்பெனி டப்பாவில் வாங்க முடியாது. கலக்கி, அட்டையில் அடித்து, காயவிட்டு, வெளிச்சத்தில் வண்டியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒரு அட்டை மஞ்சளடித்தது. இன்னொன்று சாம்பல் தட்டியது. மத்தியானம் முனைக்கடையில் உப்புத்தாள் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, பானெட்மேல் புதிதாக ஓர் அட்டை கிடந்தது. எடுத்து வண்டியோடு ஒட்டிப் பிடித்தாள். அட்டையைக் காணோம். கையில் பிடித்திருப்பது தெரிகிறது, கண்ணுக்கு விளிம்பு தெரியவில்லை. நகத்தால் தடவித்தான் ஓரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"சூப்பரா கலந்துட்டீங்க மாமா."

"நானா? நீதானடி கலந்த. நான் சாப்பிட்டுட்டு இருக்கேன், முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற. கூப்பிட்டாக்கூட திரும்பல. அவ்ளோ திமிரு."

மாமா எப்போதும் இப்படி ஏதாவது கதை விடுவார் என்று சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். கலர் ஒத்துப்போனாலும் ஒரு வம்பு இருக்கிறது என்றார். பழசில் கீறல் இருக்கும், புதுசு வழவழவென்று இருந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். போன லீவில் பிளேடு கிழித்த தழும்போடு இருந்த இடது கட்டைவிரலை அவள் அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். "அப்ப நான் பழசு மாமா. பாத்துக்குங்க."

அதற்குப் பிறகுதான் அந்த ஆசை வந்தது. பின்சீட்டுக்கு அடியில், வெயிலே படாத இடத்தில், அசல் நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். பார்க்கலாமே என்று உள்ளே புகுந்து, தலையைச் சீட்டுக்கடியில் விட்டாள். பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தாள்.

அங்கேயும் அதே நிறம். அட்டையின் நிறம். ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஈரம். இத்தனை வருஷம் கழித்தும் காயாமல், வெதுவெதுப்பாக, விரலைப் பிடித்துக்கொண்டது. இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது அப்போதுதான். கூடவே மாமாவின் குரல்.

"பூனைக்கண்ணு, உள்ள இருக்கியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இல்ல மாமா. இங்கதான் இருக்கேன்."

வெளியிலிருந்து. மாமாவின் பக்கத்திலிருந்து. அவளுடைய குரலில்.

திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முன்கண்ணாடி இருண்டது. அப்புறம் வலது பக்கம். அப்புறம் இடது. அவளுக்குச் சத்தம் வந்தபோது கம்ப்ரசர் ஓட ஆரம்பித்திருந்தது.

இப்போது அது நின்றது.

அவள் எதையும் யோசிக்கவில்லை. இடது பின்கதவையே இரண்டு கையாலும் குத்தினாள். மாமா என்று கத்தினாள். தின்னர் குடித்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"உள்ள ஏதோ தட்டுற மாதிரி இல்ல?"

"தகடு இறுகுது மாமா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

மாமா சிரித்தார். அவர் செருப்புச் சத்தம் கிட்டே வந்து நின்றது. கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல.

"எது பழசு எது புதுசுன்னு எனக்கே தெரியலடி."

"தெரியாது மாமா."

கை கழுவப் போகும் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்தது. ஜன்னல் தாளின் ஒரு மூலை உரிந்தது. வெள்ளை வெளிச்சம். அதில் ஒரு கண். தினமும் முகம் கழுவும்போது அவள் பார்க்கும் கண். அது அவளை அப்படியும் இப்படியும் சாய்ந்து பார்த்தது, அவள் அட்டையைப் பார்ப்பாளே, அதே மாதிரி. திருப்தியானது. மூலை திரும்ப ஒட்டிக்கொண்டது. வெளியே விரல் ஒன்று டேப்பை நிதானமாக, ஓரம் தூக்காமல், நீவிவிட்டது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அம்மா. சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்த அம்மா. அவளுக்கு உயிர் வந்தது. மாமா ஏமாறலாம். பெற்றவள் ஏமாற மாட்டாள்.

"கையைக் காட்டு. எல்லாம் பெயிண்டு," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, செல்லமாக, "இந்தத் தழும்பு மட்டும் போக மாட்டேங்குது பாரு."

ஸ்கூட்டர் கிளம்பியது. ஷட்டர் இறங்கியது. டிகாஷன் வெளிச்சம் மங்கியது.

அவள் இடது கட்டைவிரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். தடவினாள். மறுபடி தடவினாள்.

வழவழப்பு. ஒரு கீறல் இல்லை. இன்னும் கொஞ்சம் ஈரம்.

அப்படியானால், இந்தக் காருக்குள் இருப்பது யார்?