அறுபது மீற்றர் கபன்

"எத்தின மையித்து புள்ள?"

காலையில் புடவைக் கடை முகம்மது தம்பி கேட்ட கேள்வி அது.

ஸப்னா திருதிருவென்று விழித்தாள்.

அவள் கேட்டது மையித்தைப் பொதியும் வெள்ளைக் கபன் புடவை, அறுபது மீற்றர்!

விளக்கியிருக்கலாம். மருதமுனைக் கடற்கரையில் புதிய பொதுமண்டபம். அதன் சுவரில் இன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவள் வரைந்த அசைபடம் ஓடப்போகிறது. பார்க்கக் கொழும்பிலிருந்து விழாப் பொறுப்பாளர் தர்சினி வருகிறார். படம் சரியாக விழுந்தால் கொழும்பு ஒளி விழாவில் இடம். விழாவிட்டால்... வாப்பாவின் கோழிக்கடையில் வேலை!

ஆனால் அந்தச் சுவர்!

மண்டபத்தைக் கட்டிய கொந்தராத்துக்காரர் றிம்சான் அதற்குக் கண்ணாடி போல மினுங்கும் பெயின்ட் அடித்திருந்தார். ஒளி பட்டால் படம் வழுக்கிப் போகும். போதாததற்குக் குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு.

விளம்பர பனர் கட்டிப் பார்த்தாள். அதுவும் மினுங்கியது.

கட்டில் விரிப்பு... ஒளி ஊடுருவிப் போனது.

மருதமுனைச் சாரன்... அவள் வரைந்த வண்ணத்துப்பூச்சி கட்டங்களுக்குள் மாட்டி, மறியல் கம்பிக்குப் பின்னால் கிடப்பது போல முழித்தது!

கபன் புடவைதான் சரி. மினுக்கம் இல்லை. விழுந்த ஒளியை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்ல அவளுக்கு வெட்கம். வாயில் வந்தது இதுதான்...

"இன்னும் எண்ணல்ல மாமா."

முகம்மது தம்பியின் கத்தரிக்கோல் கீழே விழுந்தது!

பின்னேரம் சுவருக்கு ஒரு முழம் முன்னால் மரச்சட்டம் நட்டு, புடவையை இழுத்துக் கட்டி முடித்தபோது போன் அலறியது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார்.

"மகள், ஜனாஸா அடக்கம் அறிவிக்கோணும். பேரச் செல்லுங்க."

"ஒருத்தரும் மௌத்தாகல்லயே!"

"மறைக்காதீங்க மகள். கபுறுக் குழி எத்தின வெட்டுற எண்டு இஞ்ச ஆக்கள் மண்வெட்டியோட நிக்காங்க."

கூட்டாளி றுஸ்தா லெப்டொப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னவாம்டி?"

"என்னைய கொலகாரி எண்டுறாங்க..."

"நல்லம். சனம் கனக்க வரும்!"

வந்தது. மஃரிப் முடிந்த கையோடு ஊரே வந்தது. முன்னால் பொலிஸ் சார்ஜன்ட். அவருக்கும் முன்னால் பக்கத்து வீட்டுச் சபியா உம்மா.

"றிம்சான ரெண்டு நாளாக் காணல்ல! இவள் அந்த மனிசனோட பெயின்டுக்குச் சண்ட பிடிச்சவள். எண்ட கண்ணால கண்டன்!"

"சண்டயில்ல உம்மா... மினுங்காத பெயின்ட் அடிங்க எண்டுதான் கேட்டன்."

"மினுங்கினா ஆளக் கொல்லுற?"

சார்ஜன்ட் புடவையை நிமிர்ந்து பார்த்தார்.

"இது சாட்சிப் பொருள். கழட்டுங்க!"

அதே நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. இறங்கியது... தர்சினி!

ஸப்னா வெட்கத்தைக் கடலில் எறிந்தாள்.

"சேர்! கொஞ்ச நேரம் படம் ஓடட்டும். பொறகு புடவையையும் என்னையும் சேத்துக் கொண்டு போங்க!"

"இருட்டுக்குள்ள நீங்க ஓடினா?"

"புரொஜெக்டர விட்டுட்டா? அது வாடகைக்கு எடுத்தது சேர்!"

சார்ஜன்ட் யோசித்தார். அந்த யோசனைக்குள் றுஸ்தா பட்டனைத் தட்டிவிட்டாள்.

முதலில் அளவு பார்க்கும் கோடுகள். வெள்ளைப் புடவையில் நீலக் கோடுகள் நூல் பிடித்தது போல நேராக விழுந்தன.

பிறகு...

ஒரு கோடு வளைந்தது!

பக்கத்துக் கோடும் வளைந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு வீக்கம்... இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மெல்ல நகர்ந்தது!

"மையித்து நடக்குது!"

சபியா உம்மா மயங்கிச் சார்ஜன்டின் மேல் விழுந்தார். சார்ஜன்ட் விசிலை ஊதினார்.

வீக்கம் நின்றது. குனிந்தது. புடவையின் அடி மேலே எழும்பியது.

முதலில் ஒரு சீமெந்து வாளி வந்தது. பிறகு சீமெந்து பூசும் சாந்தகப்பை. பிறகு... கொந்தராத்துக்காரர் றிம்சான்!

"நீங்க மௌத்தாகல்லயா?" முகம்மது தம்பியின் குரலில் ஏமாற்றம்.

ஸப்னா புடவையை விலக்கி டோர்ச் அடித்தாள். நீள வெடிப்பில் பாதிக்கு ஈரப் பூச்சு. மீதி அப்படியே.

"ஓஹோ..." சார்ஜன்ட் இழுத்தார். "புதுச் சுவர் வெடிச்ச வெக்கத்துல ரெண்டு நாள் ஒளிச்சிருந்த. இப்ப கபனுக்குப் பொறகால நிண்டு களவாப் பூசுற. என்ன றிம்சான் காக்கா?"

றிம்சான் வாளியைப் பின்னால் மறைத்தார்.

சனத்துக்குப் பின்னால், றிம்சான் வெளியே வந்ததைக் காணாத ஒருவர் படபடவென்று கைதட்டினார்! தர்சினி!

"அருமை! எத்தனையோ திரை பார்த்திருக்கிறன், கோடு உயிரோட நடந்து பார்த்ததில்ல! உங்களுக்குக் கொழும்பில இடம் உறுதி. எந்த சொஃப்ட்வெயார் இது?"

ஸப்னா எச்சில் விழுங்கினாள்.

"றிம்சான், மிஸ்."

"கேள்விப்பட்டதில்லையே... புதுசா? கொழும்புக்கு அதையும் கட்டாயம் கொண்டு வாங்க!"

ஊரே திரும்பி றிம்சானைப் பார்த்தது.

அவர் சாந்தகப்பையை வாளிக்குள் போட்டார். சாரனை மடித்துக் கட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் கடற்கரையோரம் நடந்து போனார்.

வெடித்த வாயைத் திறந்தபடி நின்றது அவர் கட்டிய சுவர் மட்டும்தான்!