மூன்றாவது ஒயர்

அந்த வீட்டுக்கு நான் போவது அது மூன்றாம் முறை. ஒரே புகார்: படம் வருகிறது, போகிறது. கேபிள் வேலையில் இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. முழுக்கச் செத்துப்போன லைனை அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகிற சனியன், நாம் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும்.

அன்று என் மகளுக்குக் காய்ச்சல் வேறு. மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்தாள். "வேலை தெரிஞ்ச ஆளே இல்லையா உங்க ஆபீஸ்ல?"

"இந்தத் தடவை முடிச்சிட்டுத்தான்மா போவேன்."

பரணில் ஏறினேன். கேபிளை ஒவ்வொரு டிவிக்கும் பிரித்து விடும் ஸ்ப்ளிட்டரில் போன வாரம் நான் மாட்டிய கனெக்டர்கள் மறுபடி கழன்றிருந்தன. என் கைவேலை அப்படி விடாது. பக்கத்தில் மருந்து நெடி வீசிய பழைய மெத்தை ஒன்று கிடந்தது. எரிச்சலில் அதைத் தள்ளினேன்.

வீட்டில் இரண்டு டிவி. மெத்தைக்கு அடியில் மூன்றாவதாக ஒரு ஒயர், ஸ்ப்ளிட்டரின் பின்பக்கத்திலிருந்து நேராகச் சுவருக்குள் போனது.

"இது எங்கம்மா போகுது?"

அம்மாள் ஏணியடிக்கு வந்தாள்.

"அங்க ஒரு ரூம் இருந்துச்சு. என் வீட்டுக்காரரோட அண்ணன் படுத்த படுக்கையா கிடந்தார். இப்ப செங்கல் வச்சு அடைச்சாச்சு."

"டிவி இருந்துச்சா?"

"ராப்பகலா அலறும். கடைசி மாசம் நான்தான் நிறுத்திட்டேன். படம் தெரியல, படம் தெரியலன்னு இருமிக்கிட்டே போய்ச் சேர்ந்தார்." அவள் குரலில் இரக்கமே இல்லை.

ஒயரைக் கையில் எடுத்தேன்.

அது இறுகியது.

அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள். மெதுவாக, ஒரு விரற்கடை. ஸ்ப்ளிட்டர் ஆடியது. கீழே டிவி சத்தம் நின்றது. பிடி தளர்ந்ததும் வந்தது.

ஒயரைக் கீழே போட்டேன்.

"என்னப்பா பண்றே? வெட்டி விடு அதை."

மறுமுனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஒயரை வெட்டக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அதுதான். பார்க்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். மகள் காத்திருப்பாள். பழக்க தோஷத்தில் ஒயரின் சுவர்ப்பக்கத்தில் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வைத்து, வெட்டிவிட்டேன்.

டேப் சுற்றிய முனை விறுவிறுவென்று சுவருக்குள் ஓடி மறைந்தது.

உள்ளே இருமல். பிறகு மிகத் தாழ்ந்த குரல்.

"எவன்டா அது?"

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. டிவியில் படம் பளிச்சென்று ஓடியது. அம்மாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வண்டியை எடுக்கும்போது மனைவி அழைத்தாள்.

"என்னங்க, நம்ம டிவி வந்து வந்து போகுது. பின்னாடி சுவத்துல ஏதோ ஒயர் நீட்டிக்கிட்டு இருக்கு. நீங்க போட்டதா?"

"என்ன ஒயர்?"

"கறுப்பு. முனையில சிவப்பு டேப் சுத்தியிருக்கு."

"தொடாதே. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போ."

"அவதாங்க புடிச்சிட்டு நிக்கிறா. அந்தப் பக்கம் யாரோ இழுக்குறாங்களாம். விடுடின்னா விடமாட்டேங்குறா, கை வரலயாம்..."

போன் லைன் போனது. வந்தது. மறுபடி போனது.

அடுத்து வந்தபோது இருமல் மட்டும் கேட்டது.